நம் வீட்டுக்கு வந்த கங்கையம்மன்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா கோதண்டம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்து எட்டி உதைக்கிற சின்னவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல வேண்டிய சேதிதான், ஆனால் போன் அடித்ததும் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், நான் முழுசாகப் பேசி எத்தனையோ நாளாயிற்று. அதனால் இன்றைக்கு மீன்பிடி போட்டுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மூச்சு முட்டும். நம் வீடு பிழைத்துவிட்டது! உன் தலைப்பிரசவம் நம் வீட்டில்தான்!

உள்ளறைத் தரையில் தண்ணீர் ஊறியதும் சுவர் விரிசல் விட்டதும் உனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தானே மாதவரத்துச் சம்பந்தியம்மா, பச்சை உடம்புக்காரியை ஈரத்தில் படுக்கவைக்க முடியாது, பிரசவம் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும்தான், பெற்ற மகளைப் பார்க்க விருந்தாளி மாதிரி மாதவரத்துக்குப் பஸ் ஏற வேண்டுமா என்று மனசு ஆறவில்லை.

அப்போது நடந்த கூத்தை உன் அம்மா அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். நம் தெருவில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர். உள்ளறையில் ஊறியதோ இனிக்கிற தண்ணீர். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், "கங்கையம்மா வந்துகீறாடா நைனா" என்றாள், சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டாள். அவ்வளவுதான், சொம்பும் குடமுமாகத் தெருவே நம் உள்ளறைக்கு வந்துவிட்டது. வீடு இடிகிறதே என்று நான் தண்ணீர் ஆபீசுக்கு நடந்தால், அம்மனைத் துரத்தப் பார்க்கிறாயா என்று அத்தை சண்டைக்கு வருகிறாள். ஆபீசிலோ, கடலோர வீடென்றால் ஓதம் அடிக்கத்தான் செய்யும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பக்கமும் இடி, இந்தப் பக்கமும் இடி.

கடைசியில் அதே ஆபீசில் இருந்து இஷ்ரத் என்று ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள், உன் வயசுதான் இருக்கும். பூமிக்கு அடியில் போகிற பெரிய குடிநீர்ச் சுரங்கம் எங்கேயோ கசிகிறது என்று பல தெருக்களில் இருந்தும் புகார் போயிருக்கிறது. நம் தரைத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஏதோ மருந்தைச் சொட்டு விட்டாள். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. உடனே அத்தை, "பாத்தியா, மஞ்சா! அம்மாவேதான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பெண்கள் எல்லோரும் குலவை விட்டார்கள், உன் அம்மா உட்பட. இஷ்ரத் பாவம், கையில் குழாயோடு முழித்தாள். சத்தம் அடங்கிய பிறகுதான், மஞ்சளானால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அப்படியென்றால் இது சுரங்கத்துக் குடிதண்ணீர் என்று விளக்கினாள். நான் சும்மா இருக்கக் கூடாதா, "இன்னாக்கா, உங்க அம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுக்கினா வர்றா?" என்று கேட்டுவிட்டேன். தெருவே சிரித்தது. அத்தைக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, அன்றிலிருந்து நம் வாசலை மிதிக்கவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆபீஸ்காரர்கள் கோயில் மண்டபத்துக்கு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். கசிவால் கெட்டுப்போன வீடுகளை ஆபீசே செலவு செய்து சரிபண்ணித் தரும், அதுவரைக்கும் வாடகை வீடும் பார்த்துக் கொடுக்கும், வேண்டாம் என்பவர்கள் வீட்டை ஆபீசுக்கே விற்றுவிட்டுப் போகலாம் என்றார்கள். சிலர் விற்றுவிட்டு மணலிப் பக்கம் போகிறோம் என்றார்கள். உன் அம்மா அத்தனை பேர் நடுவில் எழுந்து, "எம் பொண்ணு புள்ள பெத்துக்க வர்றா சார், எனுக்கு எங்க வூடுதான் வோணும்" என்றாள் பார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் விடவில்லை, கசிவை அடைத்தால் தெரு மறுபடியும் தண்ணீர் லாரிக்குத் தவிக்கும், தெருமுனையில் ஒரு குழாய் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். நாங்கள் எர்ணாவூர் வாடகை வீட்டில் கொசுவுக்கு விருந்து வைத்துக்கொண்டு இருந்த நாளில் இங்கே சுரங்கத்தை அடைத்து, தரையைத் தோண்டிப் புதிதாகப் போட்டு, விரிசல் சுவரை இடித்துக் கட்டிவிட்டார்கள். போன வாரம் திரும்பி வந்தோம்.

நேற்றுத் தெருமுனைக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். நான் போவதற்குள் குழாய் முழுக்க மஞ்சள், குங்குமம், அடியில் கற்பூரம். யார் என்று கேட்கவா வேண்டும். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் அத்தை நம் வீட்டுக்கு வந்தாள். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக உள்ளறைக்குப் போனாள், சுவரைத் தடவினாள், மூலைக்கு மூலை உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், அப்புறம் வெறுந்தரையில் அப்படியே படுத்துவிட்டாள். உன் அம்மா பதறிப்போனாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முதுகுப் பக்கம் புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஈரம் இல்ல. பொண்ண வரச் சொல்லு நைனா, கொயந்தைக்கு நான்தான் தண்ணி ஊத்துவேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது கண்ணு.

ஏழாம் மாசம் முடிவதற்குள் வந்துவிடு, அதற்குப் பிறகு விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். டாக்டர் சீட்டைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள். சம்பந்தியம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல், அவர்களையும் வந்து தரையைத் தொட்டுப் பார்க்கச் சொல். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை குட்டியோடு நூறு வயசு நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசி. டிக்கெட் எடுத்ததும் போன் பண்ணு, அம்மா எடுத்தால் ஒன்றும் சொல்லாதே, என்னிடம் கொடுக்கச் சொல்.

கட்டிலை உள்ளறையில் போட்டுவிட்டுக் காத்திருக்கும்
உன் அப்பா,
கோதண்டம்.