தேய்க்கக் கூடாத காசு

எத்தனை சண்டை போட்டாலும் மறுநாள் தானாகவே போன் போட்டுப் பேசிவிடுகிற என் அண்ணனுக்கு,

உன் காசு திரும்பி வந்துவிட்டது. உன்னோடு சுடுகாடு வரை போன காசு, உன்னை அங்கே விட்டுவிட்டு அது மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அதை வைத்துக்கொண்டு நானும் மதினியும் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ கண்ணை மூடிப் படுத்திருந்த அன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன்னைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனம் அப்பியிருந்தோம். அதன் மேல் வைக்க உன் மகன் சரவணன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தான். மதினி அவன் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். நீ பீரோவில் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்திருந்த அந்த ராஜா தலை வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்து, ஈரச் சந்தனத்தில் அழுத்தி வைத்தாள்.

"இத விட்டுட்டு அவியளால போக முடியாது. கொண்டுக்கிட்டே போகட்டும்" என்றாள்.

கூடியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அது கோபமா, பாசமா? எனக்கு அப்போது பிடிபடவில்லை.

ஊரறிய எழுதுகிற கடிதம் இது என்பதால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நீ. கல்யாணமான புதிதில் மதினியின் வளையல்களைக் கொடுத்து அந்தக் காசை வாங்கினாய். முப்பத்தொன்பதாம் வருஷத்துக் காசு, லேசில் யார் கைக்கும் கிடைக்காது, ஒரு நாள் இதை வைத்து வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்றாய். மாடி வரவில்லை. மதினியின் கையில் அதற்குப் பிறகு கண்ணாடி வளையல்தான்.

மிஷினில் சிக்கி நுனி போன அந்த இடது கை விரலாலும் கட்டை விரலாலும் காசின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நீ காட்டுவாய். ராஜா முகத்தில் யார் விரலும் படக் கூடாது. ஒருதரம் பூசைச் சாமான்களோடு சேர்த்து அதையும் புளி போட்டு விளக்க எடுத்தாள் மதினி. நீ போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. பழைய வெள்ளிக்கு அந்தக் கறுப்புதான் அழகு, தேய்த்தால் கோடு விழும், வாங்குகிறவன் கோட்டைப் பார்த்ததும் விலையைப் பாதியாக்கிவிடுவான் என்று பாடம் நடத்தினாய். "தேய்ச்சா போச்சு" என்பது எங்கள் வீட்டில் ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிப்போனது. சரவணன் முகம் கழுவப் போனால்கூட அதைச் சொல்லிச் சிரிப்போம்.

சரவணன் கல்யாணத்துக்கு முன் மதுரையிலிருந்து ஒருவர் காரில் வந்தாரே, மறந்திருக்க மாட்டாய். காசைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. நல்ல விலையாகத்தான் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாய். மதினி அந்த மாதம் முழுக்க உன்னோடு பேசவில்லை. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த மனுஷன் நம் வளையலைக் கொடுத்து வாங்கியது பொக்கிஷமா, வெறும் ஏமாற்றா? அதை அவள் எத்தனை விதமாகக் கேட்டாலும் நீ காசைக் கைக்குட்டைக்குள் மடித்து வைத்தாயே தவிர, பதில் சொன்னதில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

நெற்றிக் காசு மயானத்தில் வேலை பார்க்கிறவருக்குச் சேர வேண்டியது. அவர் எடுத்துக்கொண்டார், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் அவர், மாடசாமி, கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். "வெள்ளியா இருக்கு தாயி. அழுகையில மாத்தி வச்சிட்டீகளோன்னு மனசு கேக்கல" என்றார். அவரும் அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், கழுவாமல், சுவர்ப் பொந்தில் வைத்திருந்தாராம். தனக்குச் சேர வேண்டியதற்குச் சாதாரணக் காசு ஒன்றைக் கொடுத்தால் போதும் என்றார்.  மதினி உள்ளே போய் வேட்டி, அரிசி, ஒரு ரூபாய் என்று கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பொட்டலத்தைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தேன். ராஜா முகம் மேலே, கறுப்பு மாறாமல் இருந்தது. உன் நெற்றியில் பதிந்திருந்த மறுபக்கம் முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைபோல ஒட்டியிருந்தது. வருஷம் இருக்கிற பக்கம் அதுதான்.

திரும்பினால் மதினி கையில் கிண்ணம். மஞ்சள் தண்ணீர், புளி உருண்டை எல்லாம் தயார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தேய்ச்சா போச்சு மதினி, வெச்சிருந்த மனுஷன் சொன்னதை மறந்தீங்களா என்று கெஞ்சினேன்.

"நெத்தியில இருந்து எடுத்தது. கழுவாம வாசப்படி தாண்டாது செல்வி" என்றாள்.

அவள் சொன்னதும் நியாயம்தான். சாவுத் தீட்டு பட்ட பொருளை அப்படியே வீட்டுக்குள் எந்தப் பெண் சேர்ப்பாள்? ஆனால் கழுவினால் நீ இத்தனை காலம் கட்டிக்காத்தது ஒரு நிமிஷத்தில் போய்விடும். கழுவாவிட்டால் அது வெளியிலேயே கிடக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சுவர் அருகே அதை நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் பழைய காசு வாங்குகிற ஒருவர் இருக்கிறார், காட்டிவிட்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். மதினி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வெல கேக்காத. அவிய ஏமாந்தாகளா, இல்லையா? அத மட்டும் கேட்டுட்டு வா."

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், ரெயின்கோட்டுக்குள் உன் காசை வைத்துப் பூட்டினேன். புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போயிற்று. ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் காசில் ஏதாவது உரசிவிடுமோ என்று வேகத்தை இன்னும் குறைத்தேன்.

கடைக்காரர் உன் வயசுக்காரர்தான். உன் பெயரைச் சொல்லாமல் காசை மட்டும் நீட்டினேன். உன்னை மாதிரியே விளிம்பைப் பிடித்து வாங்கினார், அதிலேயே எனக்குப் பாதி தைரியம் வந்தது. தராசில் வைத்தார். சந்தனத்துக்குக் கொஞ்சம் தள்ளினால் எடை சரி என்றார். விரல் நுனியில் நிறுத்தித் தட்டினார். ஓசை நீண்டு போய் அடங்கியது. விளிம்பின் பல்லை லென்ஸ் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கும் ஒட்டுப் போட்ட கோடு இல்லை, அச்சில் வார்த்த போலி இல்லை என்றார். பிறகு ராஜாவின் கிரீடம், காது, காதுக்கு மேல் முடி. புழங்கின காசுதான், ஆனால் முடி இழை இன்னும் தெரிகிறது, ஒருதரம்கூடத் தேய்க்காத காசு, வைத்திருந்தவர் ஒழுங்கானவர் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை அண்ணே. மதினிக்கு அப்போதே போன் போட்டுவிடலாமா என்றிருந்தது.

திருப்பினார். இது என்ன, பூசையில் வைத்திருந்தீர்களா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நீ எந்தப் பொருளைக் காட்டினாலும் அதில் இருக்கிற குறையைத்தான் முதலில் சொல்வாய். உன் நெற்றியில் இருந்து எடுத்த காசு என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் காசைத் துணி மேல் வைத்தார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லப்போகிறார் என நினைத்து நான் பையைத் திறந்தேன். அவர் எழுந்து போய், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். காசை அதற்குள் மெதுவாக இறக்கினார்.

"கை வைக்கக் கூடாது. தானா விடட்டும்" என்றார்.

உட்கார்ந்திருந்தோம். மதினி போன் போட்டாள், ஊறுகிறது என்றேன். மறுபடியும் போட்டாள். சந்தனம் செதில் செதிலாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. முதல் இலக்கம் தெரிந்தது, அடுத்தது தெரிந்தது, மூன்றாவதும் தெரிந்தது. கடைசி இலக்கத்தின் மேல் மட்டும் ஒரு பொட்டுச் சந்தனம் விடவே மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. உன் பிடிவாதம் அதற்கும் வந்துவிட்டதா? அதுவும் கழன்றதும் நான் எட்டிப் பார்த்தேன். ஒன்பது. சந்தேகமே இல்லாத ஒன்பது.

அவர் லென்ஸை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு இடது கையில ஒரு வெரல் நுனி இருக்காதோ?"

ஆமாம் என்றேன். சரவணன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நீ அவரிடம் போயிருக்கிறாய். இதே காசு, இதே நாற்காலி. லென்ஸை என் கையில் கொடுத்துக் காட்டினார். அது எங்கும் கிடைக்கிற முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசு. எட்டின் கீழ் வளையத்தில் இடது பக்கத்தைச் செதுக்கி எடுத்து ஒன்பதாக்கியிருக்கிறார்கள். செதுக்கின இடம் மட்டும் வழவழவென்று, கறுப்பு சரியாகப் பிடிக்காமல் இருந்தது. வெள்ளி அசல், ராஜா அசல், எடை அசல். அந்த ஒரு இலக்கம் மட்டும் பொய். வெள்ளிக்கு உண்டான விலைக்கு மேல் ஒன்றும் கிடைக்காது என்றார். அன்றைக்கு இதைக் கேட்டுவிட்டு நீ இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாயாம். பார்த்தாராம். வாங்கி வைத்த டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாயாம்.

தெரிந்துகொண்டே எப்படி அண்ணே? எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய்? உன் மேல் எனக்கு வந்த கோபத்தில் தேரடியில் நின்று அழுதேன். காசு செல்லாது என்று ஆகிவிட்டால் மதினியின் வளையலும் அன்றோடு போய்விட்டது என்று ஆகிவிடும். அதைச் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லையா?

வழியெல்லாம் ஒரே யோசனை. அசல் என்று ஒரு வார்த்தை சொன்னால் மதினி நிம்மதியாகப் படுப்பாள். ஆனால் சரவணன் அதை விற்பான். உன் பெயரைச் சொல்லி விற்பான். வாங்குகிற வீட்டிலும் யார் கை வளையலாவது போகும். வண்டியை நிறுத்தும் வரை எனக்கு முடிவு தெரியவில்லை.

மதினி கேட்டிலேயே நின்றிருந்தாள். கிண்ணம் வைத்த இடத்தில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழுவாள், உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மதுரக்காரன் வந்தது, அவியளுக்குத் தெரிஞ்ச பொறவா?"

ஆமாம் என்றேன். காரில் வந்தவர், கையில் பணம், ஆசையில் லென்ஸ்கூட வைத்துப் பார்க்காதவர். வீட்டில் கல்யாணச் செலவு. நீ காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாய். மதினி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். உன்னோடு பேசாத அந்த மாதத்தைத்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அப்ப இதத் தேய்க்கலாம்ல? இனிமே ஒண்ணும் போயிராதுல்ல?"

கொடுத்துவிட்டேன். புளியைப் போட்டுத் தேய்த்தாள் அண்ணே. கருமாதியிலும் கழற்ற மறுத்த கண்ணாடி வளையல்கள் குலுங்கக் குலுங்க, ராஜா முகம், கிரீடம், அந்தப் பொய் ஒன்பது எல்லாவற்றையும் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அழுதாள். மஞ்சள் தண்ணீரில் கழுவி முந்தானையில் துடைத்ததும் காசு பளபளவென்று வந்துவிட்டது. நீ பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பாய். அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். இப்போது பீரோவில் உன் கைக்குட்டைக்குள் இல்லை, சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கப்போகிறாளாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் காசைக் கேட்டு இனி யார் வந்தாலும், உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பேன். காப்பி ஆறும் முன்னே அந்தக் கடைசி இலக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன். நீ சொல்லாமல் செய்ததை நான் வாய் திறந்து சொல்லியே செய்வேன்.

உன் நெற்றிக் காசைச் சுமந்துபோய் வந்த உன் தங்கச்சி,
செல்வி