மூடியிருந்த மேல்மாடி ஜன்னல்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

நான் தியேட்டரில் எழுந்து நின்று கத்தவில்லை. உன் சித்தப்பா போனில் உன்னிடம் சொன்னது என் காதில் விழும்படிதான் சொன்னார்: "அண்ணிக்கு நிதானம் தப்பிடுச்சுப்பா. சினிமால வர்ற வீட்டையெல்லாம் தன் வீடுங்கறாங்க."

நடந்தது இதுதான். நீ வேலை செய்த படமாயிற்றே என்று சித்தியை அழைத்துக்கொண்டு போனேன். எல்லாரும் விட்டுவிட்டு ஓடிப்போன ஒரு நகரத்தைக் காட்டினார்கள். மலைச்சரிவில் வரிசையாக வீடுகள், அதில் ஒன்று நம் வீடு. "இது எங்க வீடு" என்றேன், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் காது கூர்மையாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

சித்தி, "உங்க வீட்டு இரும்புப் படி இடதுபக்கமில்ல? இதுல வலதுபக்கம் இருக்கே. பேசாம உக்காருங்கக்கா" என்றாள். படி வலதுபக்கம்தான் இருந்தது, நானும் பார்த்தேன். ஆனால் நீ சைக்கிளை மோதி வளைத்த கைப்பிடி அப்படியே வளைந்திருந்தது.

இன்னொன்று. வீட்டின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, மணிக்கூண்டின் நிழல் மறுபக்கம் விழுகிறது. கான்வென்டில் ஓவியம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இதற்குத் தாளையே கிழித்துப் போட்டிருப்பார். மேல்மாடி ஜன்னல் வேறு மூடியிருந்தது. அதை நான் பகலில் மூடுவதே கிடையாது.

அது நம் வீடா, இல்லையா? சித்தப்பாவிடம் காட்ட உன் கையெழுத்தில் பதில் வேண்டும்.

உன் அம்மா


மார்ச் 21

அன்புள்ள அம்மா,

நம் வீடுதான். நான் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று தெருவில் நின்று எடுத்த புகைப்படம் அது.

என் வேலையே இதுதான். எங்கெங்கோ எடுத்த புகைப்படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, மேலே வர்ணம் தீட்டி, எங்கேயும் இல்லாத ஊரை உண்டாக்குவோம். மேட் பெயின்டிங் என்று பெயர். அந்த மலை ஒரு நாட்டில் எடுத்தது, வானம் இன்னொரு நாட்டில். சினிமாவில் சூரியன் வலதுபக்கம் இருந்தது, நம் வீட்டுப் படத்தில் இடதுபக்கம். அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல வீட்டைத் திருப்பிப் போட்டேன். படியும் பக்கம் மாறிவிட்டது. மணிக்கூண்டுப் படத்திலும் சூரியன் இடதுபக்கம்தான், ஆனால் அதைத் திருப்பினால் கடிகார எண்களும் திரும்பிக்கொள்ளும் என்று அப்படியே விட்டேன். அதன் நிழலை மாற்ற மறந்துபோனேன். ஆபீசில் இத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை!

சித்தப்பா வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். தனியாக இருக்கிறீர்கள், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அங்கே முதியவர்களுக்கு நல்ல விடுதி ஒன்று இருக்கிறதாம். இந்த வருடம் என்னால் வர முடியாது.

விற்பதற்கு முன் ஓர் உதவி. ஸ்டுடியோக்காரரை வைத்து ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து அனுப்புங்கள். மேகமூட்டமான நாளாக இருக்கட்டும். வெயில் அடித்தால் படத்தில் நிழல் ஒட்டிக்கொள்ளும், பிறகு வேண்டிய பக்கம் வெளிச்சம் போட முடியாது. ஆள் யாரும் நிற்க வேண்டாம். அந்த மாதிரிச் சுவர் இங்கே எங்கும் கிடைப்பதில்லை.

அன்பு மகன்


ஏப்ரல் 3

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதத்தைச் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். புரியாததுபோல் இருந்தார், மறுபடியும் வாசித்தேன். "கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் பண்ணலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை, இப்போதும் வரவில்லை.

வீட்டை விற்கும் பேச்சை நீங்கள் இரண்டு பேருமாகவே போனில் முடித்துவிட்டீர்கள். பத்திரம் என் பேரில் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை போலும்.

இங்கே சொல்லும்படி செய்தி இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்து போய்விட்டார்கள். சாயங்காலம் அங்கே விளக்கு எரியாததால் நம் வாசலும் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. ரேடியோவைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

ஜன்னலைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய். நீ கிளம்பிய அன்று நான் அங்கேதான் நின்றேன். நான் எங்கே போனேன்?

உன் அம்மா


ஏப்ரல் 20

அன்புள்ள அம்மா,

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். நான் எடுத்த படத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கையைத் தூக்கி, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். சினிமாவில் அந்த ஊரில் ஆளே இருக்கக்கூடாது என்றார்கள். பக்கத்து ஜன்னலின் மூடிய கதவை நகலெடுத்து உங்கள் மேல் ஒட்டிவிட்டேன். வழக்கமாக ஒரு நிமிட வேலை. அன்று பொழுது முழுக்க அதிலேயே போயிற்று. திரைச்சீலையில் உங்கள் விரல் மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டே இருந்தது.

அசல் அழியவில்லை, அம்மா. அடியில் அப்படியே இருக்கிறது. மேலே ஒட்டியதை எடுத்தால் நீங்கள் தெரிவீர்கள்.

சுவர்ப் படங்களை மறக்காதீர்கள்.

அன்பு மகன்


ஜூன் 11

அன்புள்ள மகனுக்கு,

மேகம் வரக் காத்திருந்ததில் தாமதமாகிவிட்டது. நீ கேட்ட படங்கள் இத்துடன் இருக்கின்றன. பின்சுவர், சமையலறைச் சுவர், படிக்கட்டின் அடி, முகப்பு, எல்லாம் எடுத்தாயிற்று. நிழல் ஒன்றிலும் இல்லை, நீயே பார்த்துக்கொள்.

ஸ்டுடியோக்காரர் பாவம், முதல் படத்திலேயே தடுமாறிப்போனார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. சுவர் மட்டும் போதும்னீங்களே?"

"நீங்க எடுங்க தம்பி. சுவரும் வரும், நானும் வருவேன்."

"சரி, ஒண்ணுலயாவது சிரிங்களேன்."

"சிரிக்கச் சொல்லி அவன் எழுதல."

ஒவ்வொன்றிலும் நடுவில் நிற்கிறேன். முகப்புப் படத்தில் மேல்மாடி ஜன்னலில் இருக்கிறேன், இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. ஒரு ஜன்னலில் என்னை மறைக்கவே உனக்குப் பொழுது முழுக்கப் போயிற்று என்றாய். இதில் நிறைய வேலை இருக்கும். அத்தனை பொழுதும் நீ என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அடியில் அப்படியே இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். ஆறுதலுக்குச் சொன்னாய் என்று தெரிகிறது. அடியில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டை நான் விற்கவில்லை. தரகரைச் சித்தப்பாவோடு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆள் இல்லாத சுவர்தான் வேண்டும் என்றால் நீயே வந்து எடுத்துக்கொள். நீ தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நிற்கிறேன், கேமராவுக்குப் பின்னால், உன் பக்கத்தில்.

இந்த வருடம் முடியாது என்றாய். எந்த வருடம் முடியும்? போன் செய்ய வேண்டாம், போனில் நீ "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிடுவாய். தேதி போட்டு, காகிதத்தில் எழுதி, பதில் அனுப்பு.

உன் அம்மா