பதிமூன்றுக்கு மேல்

கடத்தூர்
08-06-2025

அன்புத் தம்பி பிரவீனுக்கு,

அக்கா ஷைனி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிரின்சியும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க ஆசைதான். ஆனால் கோபத்தில் இருக்கிறேன், அதை அப்புறம் கேட்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசி உன்னை நான் ஜெயித்ததே இல்லை. "அக்கா, நான் சொல்றத மொதல்ல கேளு" என்று ஆரம்பிப்பாய், முடிக்கும்போது நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போன் பாதி நேரம் பிரின்சி கையில் இருக்கிறது. இது அவள் படிக்கக் கூடாத விஷயம்.

உன் படத்தின் டிரெய்லரை சகாயமேரி டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டினார். ஒரு பெண் கைக்குழந்தையோடு விடிவதற்கு முன்னால் ஒரு வேனில் தக்காளி கிரேடு பெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு வருகிறாள். "ஏங்க ஷைனி டீச்சர், நீங்ககூட மாரண்டஹள்ளியிலருந்து இப்படித்தானே வந்தீங்க?" என்று கேட்டார். முனிராஜ் வேனில் நான் வந்து இறங்கியது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? நான் டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

போனதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்குப் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைப் பிடுங்கினாய். யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். தம்பி கேட்கிறான் என்று நினைத்தேன். டைரக்டர் கேட்டிருக்கிறான்.

படத்தை நிறுத்து என்று சொல்லவில்லை. இந்த ஒரு படத்துக்காக நீ எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரின்சியின் அப்பா சூடான இஸ்திரிப் பெட்டியை என் முதுகில் வைத்தது அவளுக்குத் தெரியக் கூடாது. லீவு விட்டால் மாரண்டஹள்ளிக்கு அப்பா வூட்டுக்கு ஓடுகிற பிள்ளை அவள். மண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி ஏலம் பார்ப்பது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அவளுக்கு ஓர் அப்பா இருக்கட்டும் என்றுதான், "எங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரல கண்ணு" என்று மட்டும் சொல்லி வளர்த்திருக்கிறேன். அதைக் கெடுத்துவிடாதே.

சாப்பிடுகிறாயா?

உன் அக்கா,
ஷைனி


சென்னை
11-07-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்தேன்.

சென்சாருக்குப் படம் காட்டினோம். ஐந்து பேர் பார்த்தார்கள். முடிந்ததும் அவர்கள் தனியே பேசினார்கள், நான் வராந்தாவில் நின்றேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை. பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். சிகரெட் வருகிற இடத்தில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். மாடு வருகிற காட்சிக்கு விலங்கு நல வாரியத்தின் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அந்த இஸ்திரிப் பெட்டிக் காட்சியில் வந்து நின்றது. நான்கு நிமிடம் ஓடுகிறது. அப்படியே இருந்தால் 'ஏ', பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குறைத்தால் யு/ஏ பதினாறு பிளஸ். முழுவதும் எடுத்துவிட்டால் பதிமூன்று பிளஸ்.

ஒரு மேடம், "இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டார். நான், "இல்லைங்க மேடம், கற்பனை" என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் காட்டறீங்க?" என்றார்.

உன் கடிதம் பையில்தான் இருந்தது. அங்கேயே முடிவு செய்தேன். முழுவதும் எடுத்துவிட்டேன் அக்கா. நீ கேட்டது அதுதானே? சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. 'ஏ' என்றால் டிவிக்காரர்கள் தொட மாட்டார்கள், இப்போது அதுவும் கூடி வருகிறது. உனக்காகச் செய்தது படத்துக்கும் நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் ரிலீஸ். பிரின்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி,
பிரவீன்


கடத்தூர்
17-07-2025

பிரவீனுக்கு,

நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறாய், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அடேய், ஒரு வார்த்தை என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கக் கூடாதா?

கொஞ்சம் யோசித்துப் பார். அந்த நான்கு நிமிடத்தை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிச்சம்? புருஷன் தூங்குகிறான். பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் எழுந்து போய் ஒரு டிரைவர் வண்டியில் ஏறுகிறாள். காலையில் அவன் வாசலில் உட்கார்ந்து அழுகிறான், டிரெய்லரிலேயே அது வருகிறது. அழுகிற காட்சியை வெட்டச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அழுவதற்கு வயது வரம்பு கிடையாது. பார்க்கிறவர்கள் அவளை என்ன பேசுவார்கள் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? முனிராஜ் அன்றைக்கு நான் நின்ற நிலையைப் பார்த்து, "ஏறுங்கம்மா" என்று சொன்னதைத் தவிர ஒரு கேள்வி கேட்காத மனுஷன். அவன் பெண்சாதி பாஞ்சாலி சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் என்னை வூட்டுக்குக் கூப்பிடுகிறாள். அவர்கள் இரண்டு பேரையும் இனி நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

பிரின்சிக்கு மே மாதம் பதிமூன்று முடிந்தது. நீதான் கேக் அனுப்பினாய்.

'ஏ' என்றால் சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், டிவியிலும் வராது என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் வேண்டும். காட்சியைத் திரும்பச் சேர்த்துவிடு. ஊரில் இருக்கிற பெரியவர்கள் பார்த்துவிட்டு என் முதுகைப் பற்றிப் பேசினால் பேசட்டும், தாங்கிக்கொள்வேன். என் பிள்ளையும் என் வகுப்புப் பிள்ளைகளும் பார்க்காமல் இருந்தால் போதும்.

வெட்கப்பட வேண்டியது நான் இல்லை, பிரவீன். அது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

ஷைனி


சென்னை
30-07-2025

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீ சொல்வது புரிகிறது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

சர்டிபிகேட் வந்த பிறகு ஒரு காட்சியைச் சேர்த்தால் மறுபடியும் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டலாம், வழி இருக்கிறது. தயாரிப்பாளரிடம் சொன்னேன். "தம்பி, பதிமூணு பிளஸ்ஸ வாங்கிட்டு வந்து ஏ கேக்கற மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. டிவிக்குப் பேசி முடித்தாயிற்று, தியேட்டர்களும் போட்டாயிற்று. இது என் முதல் படம். இப்போது நான் அடம் பிடித்தால் இரண்டாவது படம் என்று ஒன்று இருக்காது.

யு/ஏ என்றால் எல்லாப் பிள்ளைகளும் பார்த்தே ஆக வேண்டும் என்று இல்லை அக்கா. பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றுதான் அர்த்தம். முடிவு பெற்றவர்கள் கையில். நீ பெற்றவள். வேண்டாம் என்றால் கூட்டிக்கொண்டு போகாதே. தவிர, படம் ஆரம்பிக்கும்போதே 'யாவும் கற்பனையே' என்று பெரிய எழுத்தில் போடுகிறோம்.

என் மேல் வருத்தம் வைக்காதே.

பிரவீன்


கடத்தூர்
06-08-2025

பிரவீனுக்கு,

வருத்தம் எல்லாம் இல்லை. கோபம். அதைப் பூசி மெழுக எனக்குத் தெரியாது.

மாட்டுக்கு ஒரு துன்பமும் நேரவில்லை என்று கடிதம் வாங்கி வைத்திருந்தாயே, நல்ல காரியம். என் கதையை எடுப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நானும் நாலு காலில் நின்றிருந்தால் கேட்டிருப்பாய் போல.

வழிகாட்டுதல் என்று எழுதியிருக்கிறாய். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எதைக் காட்டி வழி சொல்வது? நீ வெட்டி எடுத்ததையா? அந்த அம்மா ஏன் போனாள் என்று அவள் கேட்டால், "கண்ணு, உங்க மாமாகிட்ட தனியா ஒரு ரீல் இருக்கு, அதுல வரும்" என்று சொல்லவா?

உன் படத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

இங்கே மழை இல்லை. உன் பழைய சைக்கிளைப் பிரின்சி ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஷைனி


சென்னை
02-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டிலிருந்து உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனும் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

படம் போன வெள்ளிக்கிழமை வந்தது. நன்றாகத்தான் போகிறது. புருஷனாக நடித்த பையனை எல்லோரும் பாராட்டுகிறார்கள். வாசலில் உட்கார்ந்து அழுகிற இடத்தில் தியேட்டரில் சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வேனில் ஏறுகிற இடத்தில் முன்னால் இருந்த பையன்கள் விசிலடித்தார்கள். ஒருவன் டிரைவரைப் பார்த்து, "அண்ணன் செம ஆளுடா" என்று கத்தினான். பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையிடம், "எவ்ளோ நல்ல புருஷன், பாரு" என்றாள். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். நீ ஜூலையில் எழுதியது அப்படியே நடந்தது.

அந்த நான்கு நிமிடம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போதாவது சேர்ப்பேன். இப்போது முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா? பிரின்சி பார்க்கவில்லையே?

பிரவீன்


கடத்தூர்
14-10-2025

பிரவீனுக்கு,

பிரின்சி பார்த்துவிட்டாள்.

காலாண்டு லீவுக்கு மாரண்டஹள்ளி போனவளை அவள் அப்பா தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். டிக்கெட் கிழிக்கிறவர், பிள்ளைக்கு எத்தனை வயது, யார் கூட வந்திருக்கிறாள் என்று ஒழுங்காகக் கேட்டுத்தான் உள்ளே விட்டாராம். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. பெற்றவர்தான் கூட இருந்தார். வழிகாட்டுதலும் நன்றாக நடந்திருக்கிறது. அழுகிற காட்சியில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்கம்மா இப்பிடித்தான் கண்ணு எங்கள வுட்டுட்டுப் போயிட்டா" என்று சொல்லியிருக்கிறார். எங்களை என்றாராம். அன்றைக்கு அவள் என் இடுப்பில்தான் இருந்தாள்.

திரும்பி வந்த பிள்ளை என்னிடம் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். நானும் கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது. போன சனிக்கிழமை மத்தியானம் யூனிபார்ம் துவைத்துக் காயவைத்து, அதை மடித்துக்கொண்டிருந்தோம். "அந்த வேன்காரர் யாரும்மா?" என்று கேட்டாள். குரலில் ஒரு மரியாதையும் இல்லை. பதிமூன்று வயதுப் பிள்ளை தன் அம்மாவைக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ரவிக்கையின் ஊக்குகளைக் கழற்றிவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அவள் தொட்டாள். பெட்டியின் கூர் முனை எங்கே முடிந்திருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டே போனாள். "நம்ம வூட்டு இஸ்திரிப் பெட்டி மாதிரியே இருக்கும்மா" என்றாள். "ஆமா கண்ணு, எல்லாப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். முனிராஜ் யார் என்றும் சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு அப்போது பசித்தது. இரண்டு பேரும் பழைய சோறும் மோரும் சாப்பிட்டோம்.

அவளுக்கு ஓர் அப்பா இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது இருக்கிறாரா என்று தெரியவில்லை. அரையாண்டு லீவுக்கு அங்கே போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அவரிடமிருந்து போன் வந்தால் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நேற்று பாத்திரம் கழுவும்போது, "இது மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா படத்துல வெக்கல?"

"வெச்சாரு. அப்புறம் வெட்டிட்டாரு."

"ஏன்?"

"நீ பாக்கக் கூடாதுன்னு" என்றேன். அவள் கையில் இருந்த தட்டை அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமா எப்ப வருவாரு?" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. உன் வீடு இது, வராதே என்று நான் எப்படிச் சொல்வேன்? அவள் உன்னைக் கேட்பதற்கு ஏதோ வைத்திருக்கிறாள், என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. நீ பதில் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார மாட்டேன். எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை இருக்கும்.

ஷைனி