அம்புக்குறி காட்டிய வீடு

2008 ஜனவரி 6, ஞாயிறு

கடும் பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு, பாதியில் கரகரத்து நின்றது.

ஓடியது: பிள்ளையார்பாளையம், திருப்பருத்திக்குன்றம், ஏரிக்கரை, பாலாற்று மணல். அதே வழியாக வீடு. முழங்கால் பரவாயில்லை. இடது ஷூ வாய் பிளக்கிறது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

மைத்துனன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கடிகாரம் நன்றாக உழைக்கிறது. பார்க்கத்தான் தீப்பெட்டியைக் கையில் கட்டியது போல. செயற்கைக்கோளைப் பிடித்து தூரம், வேகம் எல்லாம் சொல்லும். திரும்பும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், கிளம்பிய இடம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: "பொறந்து வளந்த ஊர்ல உங்களுக்கு எதுக்கு சார் வழி காட்ற கடியாரம்?" நானும் சிரித்து வைத்தேன்.

எதற்கு என்று இங்கேயாவது எழுதுகிறேன். எனக்கு வழி மறக்கிறது. தீபாவளிக்கு முன்பிருந்தே. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் எங்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். இடமா, வலமா? செருப்பில் முள் குத்தியவன் போல குனிந்து குனிந்து நேரத்தைக் கடத்தினேன். கணக்கு வாத்தியார். பதினேழாம் வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்வேன். வீட்டுக்குப் போகத் தெரியவில்லை.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் அவரை யாரும் வாசல்படி தாண்ட விடவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "கொஞ்சம் என்னை வெளிய கூட்டிக்கினு போப்பா" என்று கெஞ்சிக்கொண்டே செத்தார். எனக்கு அது வரக் கூடாது. வசந்தாவுக்குத் தெரிந்தால் அழுவாள், அழுதுவிட்டு வெளியே விடமாட்டாள். என் மனைவியை எனக்குத் தெரியும்.

ஆண்டனிக்கு மட்டும் தெரியும். பஸ் டிப்போ மெக்கானிக், பத்து வருஷமாக என்னோடு ஓடுகிறவன். அவனுக்கு ஒரே பாட்டு: "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் காட்டிட்டு வந்துர்லாம் சார், நான் லீவு போட்றேன்." பொங்கல் கழியட்டும் என்றேன்.

ஜன. 8, செவ்வாய்

மழை மாதிரி இருட்டியது, பெய்யவில்லை. பத்தாம் வகுப்புத் தாள் திருத்தல். பாதி கழுதைகளுக்குப் பின்னம் வரவில்லை.

சாயங்காலம் வசந்தாவோடு காமாட்சியம்மன் கோயில். வாசலிலேயே கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கிளம்பினேன். பார்த்துவிட்டாள்.

"ஏங்க, சாமி கும்புடப் போறதுக்கு எதுக்கு அந்தக் கடியாரம்? அம்மன்கிட்ட எவ்ளோ தூரம் ஓடுனேன்னு கணக்கு காட்டப் போறீங்களா?"

"சும்மா இரு."

"குளிக்கப் போறப்பவும் கையில கட்டிக்கினு போறீங்க. என் தம்பி அனுப்புனதுன்னு இவ்ளோ பாசமா?"

பிரகாரம் முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். நானும் சிரித்தேன். தூக்கம் வரவில்லை.

ஜன. 12, சனி

இன்று எழுத்து கோணல்.

ஆண்டனிக்குக் காலை ஷிப்ட். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தான். போனேன். கடிகாரம் இருக்கிறதே என்று தெனாவட்டு.

போகும்போது ஒன்றும் இல்லை. பாலாற்று மணலில் பனி இடுப்பளவு. திரும்பும்போது அது தலைக்கு மேல் ஏறி, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. பயப்படவில்லை. பொத்தானை அழுத்தினேன், அம்புக்குறி வந்தது, அது காட்டிய பக்கமே ஓடினேன். மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்தது. பீப் அடித்தது. வந்துவிட்டாய் என்று அர்த்தம்.

நின்றேன். வீடு இல்லை.

ஏரிக்கரையில் கன்னியம்மன் மேடை. வேப்பமரம். நான் நினைத்தது என்ன தெரியுமா? வீட்டை இடித்துவிட்டார்கள் என்று. நான் ஓடிக்கொண்டிருந்தபோது தெருவையே இடித்துவிட்டு, வசந்தாவை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள் என்று. கடிகாரம் தப்பாக இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"இங்க இருந்த வீட்டுக்காரங்க எங்க போனாங்க?"

"எந்த வூட்டுக்காரங்க சார்? இங்க ஏது வூடு? ஏரி இருக்குது, ஆத்தா இருக்குது."

"வசந்தான்னு ஒருத்தி. பச்சைப் புடவை."

அந்த அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "குந்து சார். தண்ணி குடி. போன் கீன் வச்சிக்கினு இருக்கிறியா?" வைத்திருந்தேன். கடைசியாகப் பேசிய எண்ணை என்னை அழுத்தச் சொல்லி, அவளே வாங்கி ஆண்டனியிடம் பேசினாள். டிப்போவிலிருந்து மொபெட்டில் வந்தான். உடம்பெல்லாம் கிரீஸ். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வசந்தாவிடம் சொன்னது: ஷூ பிய்ந்துவிட்டது, ஆண்டனி வண்டியில் வந்தேன். "அந்த ஷூவைத் தூக்கிப் போடுங்க" என்றாள்.

ஜன. 13, ஞாயிறு

ஓடவில்லை. தெருவில் போகிக்குப் பழம் பாய்களைச் சேர்க்கிறார்கள்.

நடந்தது புரிந்துவிட்டது. ஓடுகிறவனுக்கே உரிய அற்ப புத்தி. கன்னியம்மனிடம் ஷூவைக் கழற்றி ஒரு கும்பிடு போடாமல் தாண்டமாட்டேன், சின்ன வயதிலிருந்தே பழக்கம். நின்றால் சராசரி வேகம் குறையும். அதனால் கும்பிடும் நேரத்துக்குக் கடிகாரத்தை நிறுத்திவைப்பேன். சாமியை வேகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேற்று விரல் விறைத்துப்போய் அதிக நேரம் அழுத்தியிருக்கிறேன். எல்லாம் அழிந்து பூஜ்யத்துக்கு வந்து, புது ஓட்டம் அங்கிருந்து ஆரம்பித்திருக்கிறது. அது கிளம்பிய இடத்துக்குத்தான் கூட்டிவந்தது. கடிகாரத்தின் மேல் தப்பே இல்லை.

போன பொங்கலாக இருந்தால் அந்த வேப்பமரத்தைப் பார்த்ததுமே சிரித்திருப்பேன். வீடு எந்தப் பக்கம் என்று கால்களுக்கே தெரிந்திருக்கும். பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது.

ஜன. 16, புதன்

மாட்டுப் பொங்கல். தலைவலி. கரும்பு தித்திப்பில்லை. மைத்துனன் போனில்: "வாட்ச் எப்படி மாமா?" சூப்பர் என்றேன். வேலூருக்கு அடுத்த வாரம் போகலாம் என்று ஆண்டனியிடம் ஒப்புக்கொண்டேன்.

ஜன. 20, ஞாயிறு

மறுபடி பனி. ஆண்டனியோடு ஓட்டம். தனியாக இனிமேல் இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனான்.

திருப்பருத்திக்குன்றம் தாண்டி, ஒண்ணுக்கு இருந்துவிட்டு வருகிறேன், நீங்கள் மெதுவாகப் போங்கள் என்றான். போனேன். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் குரங்குக் குல்லாய் போட்ட ஆள் ஒருவன் என்னைப் பார்த்து ஓடிவருகிறான். யாரென்று தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது? முகம் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். தெரியவில்லை.

"யாருப்பா நீ? கிட்ட வராத."

"சார், நான்தான் சார். ஆண்டனி."

ஆண்டனி என்றால் யார்? கையை நீட்டிக்கொண்டு வந்தான். கல்லை எடுத்து அடித்தேன். புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல. நீங்க ஓடாதீங்க. அங்கயே நில்லுங்க" என்றான். அவன் உட்கார்ந்த தினுசில்தான் தெரிந்தது. பத்து வருஷமாக அப்படித்தான் உட்காருவான், ஒரு காலை நீட்டி.

நாலு தையல். வசந்தாவிடம் அவனே சொன்னான்: "வழுக்கி வுழுந்துட்டேன்கா. சார்தான் தூக்குனாரு." அவள் காபி போட்டுக் கொடுத்தாள்.

அவன் பிள்ளைகுட்டிக்காரன். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். நாளைக்கு வசந்தா அப்படி வந்தால்?

ஜன. 21, திங்கள்

பள்ளிக்கு லீவு சொன்னேன். வெயில்.

வசந்தா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தெருமுனை, கன்னியம்மன், கல். உரிப்பதை நிறுத்தவில்லை. உரித்த தோலையும் மொச்சையையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா மாதிரியா?"

"ஆமா."

"நான் உங்களை அப்படி வூட்டுல போட்டு வைக்கமாட்டேங்க. ஆண்டனியோட போய் ஓடுங்க. அவர் ஒண்ணும் கோவிச்சிக்கல."

"நீ விடுவே. அதனாலதான் சொல்றேன். நான் கேட்டா விடாத. கெஞ்சினாலும் விடாத."

அப்போதுதான் அழுதாள். நான் அழவில்லை. சாப்பிட்டேன், மொச்சைக் குழம்பு.

ஜன. 22, செவ்வாய்

பனி. ஐந்து மணி இருக்கும். வாசலில் ஆண்டனி இருமினான். யாரும் எழுந்துவிடக் கூடாதென்று மெதுவாக.

"சார். மெதுவா ஓடலாம் சார். இன்னைக்கு நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க."

ஆண்டனி. குரலைக் கேட்டதும் பெயர் வந்துவிட்டது. போர்வைக்குள்ளேயே படுத்திருந்தேன். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு தடவை இருமினான்.