மினாவைச் சேர்த்தாயிற்று

லைட்ஹவுஸ் குப்பம்,
ஜூலை 13, ஞாயிறு.

அன்புள்ள சோபியாவுக்கு,

ஜெரோம் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் குழந்தையும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இடுப்பு வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று கோயிலில் கேட்டுக்கொண்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம், அதுவும் உன் மேடம் பக்கத்திலேயே நிற்கிறார். அதில் பாதியை மினா பிடுங்கிக்கொள்கிறாள். மீதியில் நான் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் முடிந்துவிடுகிறது. பழவேற்காட்டு நிலோஃபர் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன மாசம் நீ தெளிவாகச் சொன்னாய். மினா அங்கன்வாடியில் சேர்ந்து ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டு வேலைக்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவேன், நம் வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம், உட்காரவில்லையென்றால் ஆகஸ்டில் வந்துவிடுவேன் என்றாய். இந்த மாசக் கடைசிக்குள் பதில் கேட்டாய். அந்தப் பதில்தான் இது. எனக்கு நேராகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். மினாவின் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை, அதனால்தான் சேர்க்கவில்லை என்று மூன்று வெள்ளிக்கிழமை உன்னிடம் சொன்னேன். அது பெட்டியில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில், நீ வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் நாளே எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன். சேர்த்துவிட்டால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று பயம். வேறு காரணம் இல்லை.

இன்னொன்றையும் மறைத்தேன். விடியற்காலை நான் கடலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்காதான் மினாவைப் பார்த்துக்கொள்கிறார். அங்கன்வாடியில் அவருக்கு ஆயா வேலை, எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். நான் கரையேறியதும் பிள்ளை என்னிடம் வந்துவிடும். வலையிலிருந்து மீனைக் கழற்றி, கிழிசலைத் தைத்து முடிக்க மதியம் ஆகிறது. கடலோ இருபது அடி தூரம். அதனால் ஒரு துண்டை அவள் இடுப்பில் சுற்றி, அதன்மேல் வலைக்கயிற்றைக் கட்டி, இன்னொரு முனையைப் படகு வளையத்தில் முடிந்துவிடுவேன். கிளிஞ்சல் பொறுக்கும் அளவுக்கு நீளம் உண்டு, அலை தொடும் அளவுக்குக் கிடையாது. அளந்துதான் விட்டேன். குப்பத்தில் யாரும் இதைத் தப்பாகச் சொல்லவில்லை, என்னையும் அப்படித்தான் கட்டி வைத்தார்களாம். காலையில் நான் கடலிலிருந்து வந்ததும் அவளே கையைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டு நைனா என்று நிற்பாள். எனக்கு அது பழகிவிட்டது.

போன ஞாயிறு ஜெயம்மா அக்கா அவளைக் குளிப்பாட்டும்போது இடுப்பைச் சுற்றிக் கறுத்த தடம் இருப்பதைப் பார்த்துவிட்டார். துண்டு நழுவி எப்போதோ கயிறு உரசியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். இன்னா ஜெரோமு, புள்ளைய வளக்கிறியா, படகை நிறுத்தி வெச்சுக்கிறியா, சென்டர் கதவு தெறந்துதானே கீது, நாளைக்கு நாளைக்குனு எத்தினி நாளு ஏமாத்துவே என்றார். அந்தத் தடத்தைத் தொட்டபோது மினா கூச்சத்தில் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சோபியா. திட்டுவதென்றால் திட்டு, கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

மறுநாளே கூட்டிப்போனேன். தலை வாரி, நீ நிலோஃபரிடம் கொடுத்தனுப்பிய மஞ்சள் கவுனைப் போட்டேன். கொஞ்சம் குட்டையாகிவிட்டது. லோகாம்பாள் டீச்சர் உயரம் பார்த்தார், எடை பார்த்தார். பதினொன்றே முக்கால் கிலோ, வயசுக்குக் கொஞ்சம் கம்மியாம், தினமும் முட்டையும் சத்துமாவும் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். தராசில் மாட்டித் தூக்கியதும் மினா மீன் மாதிரி துள்ளிக் காட்டினாள். நான்தான் கரையில் அப்படி விளையாட்டுக் காட்டியிருந்தேன். பதிவேட்டில் உன் பெயரை எழுதும்போது, அம்மா எங்கே என்று டீச்சர் பிள்ளையைக் கேட்டார். போன்ல கீது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

விட்டுவிட்டுக் கரைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். செதில் ஒட்டிய கையோடு ஓடினேன். மற்ற பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் ஜன்னல் கம்பியில் முதுகை வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கியபடி நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, அழவும் இல்லை. யாராவது வந்து கட்டுவார்கள் என்று காத்திருக்கிறாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயம்மா அக்காதான் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், அதற்கு அடித்திருக்கலாம். பிறகு எதுவும் சொல்லாமல் மினாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் முந்தானை நுனியை அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். டீச்சர் எழுந்தால் எழுந்து, நடந்தால் பின்னால் நடந்தாளாம்.

புதன்கிழமை முந்தானையைப் பாதியில் விட்டுவிட்டு, பொம்மைக்காக ஒரு பையனோடு சண்டை போட்டாள். வியாழக்கிழமை முந்தானை வேண்டாம் என்றாளாம். முந்தாநாள் நீ கூப்பிட்டபோது அவள் பாடிக் காட்டிய பாட்டு அங்கே கற்றதுதான். அது எங்கே கற்றது என்று நீ கேட்டாய், நான் ஜெயம்மா அக்கா சொல்லிக்கொடுத்தது என்று மழுப்பினேன். அதுவும் பொய். நேற்று வாசலில் விட்டதும் என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று வேலி ஓரமாக நின்று பார்த்தேன், பார்க்கவில்லை.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் இந்த ஒரு வாரமாகக் கரையில் உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை. நைனா இது இன்னா மீனு, நைனா அந்தக் காக்கா எங்க போவுது என்று காது புளிக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். வலையைத் தைத்து முடித்தால் கழுத்து வலிக்கிறது என்பதுகூட இப்போதுதான் தெரிகிறது. மதியம் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுகிறேன். அவள் அங்கேயே சாப்பிட்டு, தூங்கி, சாயந்திரம்தான் வருகிறாள். படகில் கூட வருகிறவர்கள், ஜெரோமுக்கு ஒடம்பு சரியில்லையானு கேட்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: மினா உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. அவளைச் சாக்காக வைத்து உன்னைக் கூப்பிட இனி எனக்கு வழியில்லை, அதனால்தான் இத்தனை நாள் சேர்க்காமல் இழுத்தேன். இனிக் கூப்பிடுவதென்றால் எனக்காகத்தான் கூப்பிட வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்படி ஒரு தடவையும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தளம் மெதுவாகப் போடலாம், கூரைமேல் கட்டிய தார்ப்பாய் இந்த மழையைத் தாங்கும்.

ஆண்டவர் உன் கைகால்களுக்குச் சுகம் தரட்டும். ஆகஸ்டில் எந்தத் தேதிக்கு நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டும் என்பதை வெள்ளிக்கிழமை போனில் சொல், மினா காதில் விழுந்தாலும் பரவாயில்லை. வரவில்லை என்றால் மட்டும் போனில் சொல்லாதே. நான் எழுதியது போல நீயும் யாரிடமாவது எழுதிக் கொடுத்தனுப்பு. போன் பேசும்போது மினா என் மடியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், சோபியா.

உன்,
ஜெரோம்