தனி அடுப்பு வேண்டாம்

அத்தை,

நூறு நாள் வேலையில் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நூறு நாள். நான் போகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் குறைகிறது. தனி அடுப்பு என்றால் தனி வேலை அட்டை தருவார்களாம். அதனால்தான் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தேன். நீங்களோ, "குடும்பத்தப் பிரிக்க வந்தியா?" என்று சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள்.

இனி அட்டையே வேண்டாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வரச் சொல்லிவிட்டார்கள், இன்று முதல். மீதி நாளெல்லாம் உங்களுக்கே. மனசு லேசாகிவிட்டது.

அடுப்பைப் பார்க்கப் பஞ்சாயத்து ஆள் இன்று வருவார். "ஒண்ணாத்தான் ஆக்கித் துன்றோம், போய்யா" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

குழம்பு மூடி வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள்.

மோகனா

பி.கு.: நான் வர ஏழு மணியாகும். ராத்திரிக்கு நீங்களே உலை வையுங்கள். எனக்கும் சேர்த்து.