எது சோடா, எது மண்ணெண்ணெய்?

என் அன்பு மச்சாள் மலருக்கு,

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமை நவரத்தினத்தின் கடைக்குப் போனேன். சாமான் வாங்க இல்லை, பழி வாங்க. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பொறுமை படிப்பித்தவளுக்கு இது என்ன புத்தி என்று கேட்கிறாயா?

உன் செத்தவீட்டில் அந்த மனிதர் கதிரையில் சாய்ந்திருந்து சொன்னார்: "பாவம் மலர். பிள்ளையைப் பாராமல் விட்ட குற்றம் கடைசிமட்டும் அவளை விடேல்லை." பக்கத்தில் இருந்தவர்கள் "ஓம் ஓம்" என்றார்கள். பல வருடத்துக்கு முன் உன் மகள் துளசியின் செத்தவீட்டிலும் இதே வாய்தான்: "பெத்தால் மட்டும் காணுமே? தாயெண்டால் பார்க்க வேணும்." தேத்தண்ணித் தட்டோடு நான் அவர் முன்னால் நின்றேன். ஊருக்கே ரீச்சர். வாய் திறக்கவில்லை.

துளசி குடித்த அன்று உண்மையில் நடந்தது என்ன? என் தம்பி, உன் மனிசன், வீட்டிலிருந்த ஒரே மண்ணெண்ணெய்க் கானைப் படகுக்கு எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருந்தான். அடுப்புக்கு மண்ணெண்ணெய் வாங்க வெறுங்கையோடு போனாய். நவரத்தினம் ஒரு வெள்ளைச் சோடாப் போத்தலில், லேபல்கூடக் கிழிக்காமல், நிரப்பித் தந்தார். "அண்ணை, இது சோடாப் போத்தலல்லே?" என்று நீ கேட்டாய். "மண்ணெண்ணெய் கோவிக்காது பிள்ளை, கொண்டுபோ" என்று சிரித்தார். நீ அதைக் குசினி மேசைக்குக் கீழே வைத்தாய்.

அதற்கு முதல் வாரம்தான் துளசியின் இரண்டாவது பிறந்தநாள். அதே லேபல் ஒட்டிய போத்தலில் சோடா பருக்கி, "இனிக்குதோ?" என்று கேட்டது நான். பிள்ளை கெட்டிக்காரி. படித்ததை மறக்கவில்லை.

மழை தூறுகிறதென்று நீ கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க ஓடிய நேரம், அவள் அந்தப் போத்தலை எடுத்துக் குடிக்கப் போதுமாயிருந்தது. சத்தம் கேட்டு வந்த நவரத்தினம், "சத்தி எடுக்க வை!" என்று கத்தினார். நீ தொண்டைக்குள் விரலை விட்டாய். ஓடிவந்த நான் பிள்ளையின் தலையைப் பிடித்தேன். குடித்ததைவிடச் சத்தி எடுக்க வைத்ததுதான் ஆபத்து, அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்று டொக்டர் பிறகு சொன்னபோது நீ உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். சாகும்வரை அந்தக் கையால் ஒரு குழந்தையை நீ தூக்கியதில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். சனம் நிறைந்த நேரம். ஒரே மாதிரி இரண்டு போத்தலை மேசையில் வைத்தேன்.

"நவரத்தினண்ணை, ஒண்டு சோடா, மற்றது மண்ணெண்ணெய். மூடி திறக்காமல் சோடாவைக் காட்டுங்கோ."

"என்ன ரீச்சர், சோதினை வைக்கிறியளே?"

"ஓம். துளசிக்கு நீங்கள் வைச்ச அதே சோதினை. அவளுக்கு ரெண்டு வயசு. உங்களுக்கு எண்பது."

யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடப்பக்கத்தைக் காட்டினார். மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மணம் அரிசி மூட்டை வரை போனது. சிரிப்பு நின்றது.

"எல்லாம் விதி, ரீச்சர்."

"விதியைப் போத்தலில நிரப்பினது ஆர், அண்ணை?"

இடுப்பில் பிள்ளையோடு மண்ணெண்ணெய் வாங்க வந்த பெட்டை ஒன்று தன் சோடாப் போத்தலை என்னிடம் நீட்டியது. "இதையும் எடுங்கோ ரீச்சர்."

மலர், அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது சனிக்கிழமைதோறும், நான் குடியிருக்கும் லிங்கநகரிலிருந்து பஸ் ஏறி வந்து அவர் கடை வாசலில் கதிரை போட்டு இருக்கிறேன். வரும் தாய்மாருக்குச் சொல்கிறேன்: மண்ணெண்ணெய்க்கு அதன் கான்தான், குடிக்கிற போத்தல் வேண்டாம். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வை. குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதே, பாலும் பருக்காதே, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஒவ்வொருத்திக்கும் துளசியின் கதையைச் சொல்கிறேன். அவர் காதில் விழும்படிதான் சொல்கிறேன்.

போன கிழமை அவரே ஒருத்தியிடம் சொன்னார்: "கான் கொண்டுவா பிள்ளை. வாசலில இருக்கிற மனிசி என்னை உயிரோடை விடாது." இதோடு விடுங்கோ ரீச்சர் என்கிறார்கள் ஊரார். ஏலாது. பயந்துதான் திருந்தினார். பிழை யாருடையது என்று இன்னும் சொல்லவில்லை.

உன் ஆண்டுத் திவசத்துக்கு அவரைக் கூட்டிவருவேன். உன் படத்துக்கு நேரே கதிரை போடுவேன். வந்த சனம் முழுவதும் கேட்க, "பிழை மலரில இல்லை" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் தேத்தண்ணி கிடையாது. ஆனால் அவருக்கு முதல் எழும்பி என் பிழையைச் சொல்லப்போவது நான்.

சோடா பருக்கிப் பழக்கியவளும், தலையைப் பிடித்தவளும், தட்டோடு பேசாமல் நின்றவளுமான
உன் மச்சாள்,
யோகம்